பஞ்சுப் பேல்களுக்கு நடுவே சிரித்த செலாமுக்கு

செலாம் கண்ணு,

கல்யாணம் முடிந்து நீ கார்த்தியோடு காரமடைக்குக் கிளம்பிப் போனபின் இந்த வீட்டில் மிச்சமிருப்பவை ஒரு போசி நிறைய லட்டு, யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பு, தொண்டை கட்டிப்போன உன் பெரியம்மா, அப்புறம் நானும் உன் அம்மாவும். கல்யாணத்தில் கத்திய கத்தலில் பெரியம்மாவுக்குக் குரலே வரவில்லை. சைகையிலேயே காபி கேட்கிறாள், சைகையிலேயே சர்க்கரை போதாது என்கிறாள். உன் அம்மா அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்தான் நீ இல்லாத நாட்களைக் கடந்துகொண்டிருக்கிறாள்.

கல்யாணப் பந்தியில் ஓர் இளம் தம்பதி என்னை ஓரமாக அழைத்துப் போனது அந்த நேரம் உனக்குத் தெரியாது. அவர்களும் ஒரு குழந்தையைத் தத்தெடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறதாம். தலை வாரினால் அலறுகிறது, சோற்றைத் தொட மாட்டேன் என்கிறது, தூக்கினால் விறைத்துக்கொள்கிறது என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். "நீங்க எப்படீங்க சார் சமாளிச்சீங்க?" என்றாள். பாயசம் பரிமாறுகிற சத்தத்தில் என்ன சொல்ல முடியும்? எழுதித் தருகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே உன்னிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கப்பா. நாலு பேரு படிக்கட்டும். ஆனா என்னைப் பாவமாக் காட்டிப்போடாதீங்க. நான் பண்ணின அட்டகாசத்தையும் சேத்தி எழுதுங்க" என்றாய். ஆகவே இது உனக்கு எழுதும் கடிதம்தான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அவ்வளவே.

நாங்கள் எத்தியோப்பியாவுக்குப் போனது உன்னைத் தேடி அல்ல. எனக்கு நூற்பாலை இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. அடிஸ் அபாபாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆலையில் கோயமுத்தூர்க்காரர்கள் நாங்கள் சிலர் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். உன் அம்மா அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் அருகில் இருந்த குழந்தைகள் இல்லத்துக்குப் போய் விளையாட்டாகக் கணக்குச் சொல்லித் தருவாள். மற்ற பிள்ளைகள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தொங்குவார்களாம். நீ மட்டும் வரமாட்டாய். ஓடிக்கொண்டிருக்கும் துணி துவைக்கிற மெஷினில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பாய். அது நின்றால் அழுவாய். உன் அம்மா ஒரு நாள் உன் பக்கத்தில் போய் அவளும் மெஷினில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். பேசவில்லை, தொடவில்லை. பல ஞாயிறுகள் அப்படியே போயின. ஒருமுறை மெஷின் நின்றது. நீ அழவில்லை. எழுந்துவந்து, உன் முதுகை அவள் முதுகோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாய். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஏனுங்க, என்ற பொண்ணக் கண்டுபுடிச்சுட்டேனுங்க" என்றாள்.

கோர்ட்டும் காகிதங்களுமாக ரொம்பக் காலம் இழுத்தது. ஒருவழியாக எல்லாம் முடிந்து, என் ஒப்பந்தமும் முடிந்து, போத்தனூருக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைத்து, நாம் மூன்று பேராகக் கோயமுத்தூரில் வந்து இறங்கியபோது உனக்கு நாலரை வயது. வாசலில் சொந்தபந்தம், ஒறம்பரை மொத்தமும் நின்றது. ஆரத்தித் தட்டு, மல்லிகைப்பூ, சந்தனம், குலவைச் சத்தம். பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "வாடி என்ற தங்கமே" என்று உன் கன்னத்தைக் கிள்ளித் தூக்கினாள். நீ அவளுடைய தோளைக் கடித்தாய். சும்மா இல்லை, பற்கள் பதியக் கடித்தாய். "எம்பி! எம்பி!" என்று கத்தினாய். உன் மொழியில் அது 'மாட்டேன், முடியாது' என்று பொருள். எதிர்வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக, "பாப்பா எதுக்குங்க எம்.பி.யக் கூப்புடறா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் பெயரும் கொஞ்சம் பாடுபட்டது. செலாம் என்றால் அமைதி. பஸ்ஸில் யாராவது, "பாப்பா பேரென்னங்க?" என்பார்கள். சொல்வோம். "ஓ, சேலத்துப் பொண்ணுங்களா! அதான் ஜாடையே தெரியுதுங்க" என்று ஒரு பாட்டியம்மா தலையாட்டினார். உன் சுருட்டை முடியையும் நிறத்தையும் பார்த்துவிட்டுச் சேலத்து ஜாடை எங்கே தெரிந்ததோ அவருக்கே வெளிச்சம். பெயரை மாற்றிவிடலாமே, ஒரு கவிதாவோ பிரியாவோ வைக்கலாமே என்று பலர் சொன்னார்கள். உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "ஊரு, பாசை, சோறு எல்லாத்தையும் உட்டுப்போட்டு வந்திருக்கறா. பேரையாவது கையில வெச்சுக்கட்டும்" என்றாள்.

அமைதி என்று பெயர் வைத்த பிள்ளைக்கு இந்த ஊரில் அமைதி கிடைக்கவில்லை. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாய். மிக்ஸி போட்டால் சுவரில் தலையை முட்டுவாய். பட்டுப்பாவாடை போட்டுவிட்டால் தீப்பிடித்தது போலக் கழற்றி எறிவாய். இட்லியைத் தொட்டால் கையை உதறுவாய், மொறுமொறுவென்று முறுகலாக வார்த்த தோசை என்றால் அடுக்கடுக்காகச் சாப்பிடுவாய். லேசாகத் தலையைத் தடவினால் அலறுவாய். அதே நீ, ஓடிவந்து கதவில் டமாரென்று மோதிக்கொண்டு அழாமல் நிற்பாய், வலித்ததாகவே தெரியாது. நாங்கள் இருவரும் குழம்பிப்போனோம். தொட்டால் வலிக்கிறது, இடித்தால் வலிக்கவில்லையா? உன் சட்டைக் காலர்கள் எல்லாம் கடித்துக் கடித்துக் கந்தலாகிவிட்டன. பிடிவாதம் என்றார்கள் சிலர். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்றார்கள் சிலர். ஒரு சொந்தக்காரர், பெயர் வேண்டாம், காபியை ஆற்றிக்கொண்டே, "ஒத்து வரலீன்னா திருப்பி உட்டுப்போட வேண்டீதுதானுங்களே" என்றார். உன் அம்மா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க உங்குளுக்கு" என்றாள். அவர் வந்தது காரில்.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் தீபாவளி வந்தது. விடிந்தும் விடியாமல் குவார்ட்டர்ஸ் வாசல்களில் சரவெடி தொடங்கியது. நாங்கள் ஜன்னல்களை மூடி, உன்னை நடு அறையில் வைத்திருந்தோம். அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கப் போனாள், நான் பின்கதவைத் தாழிடப் போனேன். திரும்பினால் நீ இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை, பீரோவுக்குப் பின்னால் இல்லை, குளியலறையில் இல்லை. முன்கதவு திறந்திருந்தது. உனக்குத் தமிழில் வழி கேட்கக்கூடத் தெரியாது. மில்லுக்கு இந்தப் பக்கம் மெயின் ரோடு, அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. பெரியம்மா, கடிபட்ட அதே பெரியம்மா, தலையில் எண்ணெய் வழிய வீதியில் ஓடி, "வெடி உடறத நிறுத்துங்கடா! புள்ளையக் காணோம்!" என்று கத்தினாள். குவார்ட்டர்ஸே பட்டாசை நிறுத்திவிட்டுத் தேடியது.

எனக்கு ஒன்று தோன்றியது. எங்கும் வெடிக்கிறார்கள், ஓரிடத்தில் மட்டும் வெடிக்கக்கூடாது. பஞ்சுக் கிடங்கு. நெருப்பு பயத்தால் அந்தப் பக்கம் தீக்குச்சிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். சத்தத்துக்குப் பயந்த குழந்தை சத்தம் குறைகிற திசையில்தானே ஓடும்? ஓடினேன். கிடங்கின் தள்ளுகதவு பூனை நுழைகிற அளவுக்கு விலகியிருந்தது. வாட்ச்மேன் திறந்துவிட்டார். உள்ளே பஞ்சுப் பேல்கள். பஞ்சை அமுக்கி இரும்புப் பட்டை போட்டுக் கட்டிய ஆள் உயரப் பொதிகள், வரிசை வரிசையாக. இரண்டு பேல்களுக்கு நடுவில் ஒரு சந்து. அதற்குள் உன்னை நீயே நெருக்கித் திணித்துக்கொண்டு நின்றிருந்தாய். முன்னும் பின்னும் பஞ்சு அழுத்த, கன்னத்தைச் சாக்கில் பதித்து, கண் மூடி. அழவில்லை. வந்த நாளிலிருந்து உன் முகத்தில் நான் அப்படியொரு நிம்மதியைப் பார்த்ததில்லை.

இழுத்து வெளியே எடுக்க மனம் வரவில்லை. பக்கத்தில் போய் நிற்கலாம் என்று நானும் அந்தச் சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்தேன். என் உடம்பு உனக்குத் தெரியும். அப்போதும் இதே தொப்பைதான். பாதி போனேன், சிக்கிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன், இன்னும் இறுகியது. "அம்மணி, அப்பா மாட்டிக்கிச்சு" என்றேன். நீ கண்ணைத் திறந்தாய். தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாய். என் தொப்பையை ஒரு விரலால் குத்திப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேலில் மோதி மோதிச் சிரித்தாய். நம் வீட்டுக்கு வந்தபின் நீ சிரித்த முதல் சிரிப்பு அது. பின்னாலேயே ஓடிவந்த அம்மாவும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தபோது என் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் தெறித்தன. உன் அம்மா ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "அப்பாபா" என்று என்னைக் காட்டி அவளிடம் ஏதோ சொன்னாய். உன் மொழியிலும் அப்பாவுக்குக் கிட்டத்தட்ட அப்பா மாதிரியே ஒரு சொல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

தீபாவளி முடிந்ததும் குழந்தைகள் டாக்டர் ஒருவர் எங்களை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடிக்கு அனுப்பினார். அங்கே இப்படித் தடுமாறுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிற ஓர் இளம்பெண் இருந்தாள். தரையில் உட்கார்ந்துதான் பேசுவாள். பேல் கதையைக் கேட்டதும் அவள் கண்கள் பளிச்சென்றன. "சார், அவளுக்கு என்ன வேணும்னு அவளே கண்டுபிடிச்சுட்டாளுங்க" என்றாள். பிறகு எளிமையாக விளக்கினாள். எல்லார் உடம்பும் கேட்பது, தொடுவது, ஆடுவது எல்லாவற்றையும் ஒரே அளவில் வாங்கிக்கொள்வதில்லை. சிலருக்கு லேசான தொடுதல் முள்ளாகக் குத்தும், அழுத்தமான தொடுதல் ஆறுதலாக இருக்கும். திடீர்ச் சத்தம் அடி விழுந்தது போல இருக்கும், ஒரே சீராக இரைகிற சத்தம் தாலாட்டாக இருக்கும். கூட்டமான இல்லத்தில் போதிய மடி கிடைக்காமல் வளர்கிற பிள்ளைகளிடம் இது அதிகமாகத் தெரியலாம், பிறவியிலேயே அப்படி இருந்தும் இருக்கலாம். "எதுன்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க சார். ஆனா இது பிடிவாதம் இல்லீங்க. ஊரு, சாப்பாடு, வாசனை, பாஷை எல்லாம் ஒரே நாள்ல மாறியிருக்கு. பெரியவங்களே தடுமாறுவோம்" என்றாள். படியிறங்கும்போது உன் அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, "அப்ப எம்புள்ள எங்களப் புடிக்காம அழுகல" என்றாள். அவ்வளவு நாள் அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அதன்பின் நம் வீடு சர்க்கஸ் கூடாரமானது. கனமானதைத் தூக்கட்டும், தள்ளட்டும், இழுக்கட்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். காலையில் எழுந்ததும் தேங்காய்களைக் கூடையில் போட்டு நீ முன்வாசலிலிருந்து பின்வாசலுக்குச் சுமப்பாய். அம்மா பின்னாலேயே அவற்றை முன்வாசலுக்குக் கொண்டுபோய் வைப்பாள். தேங்காய் வியாபாரம் ஆரம்பித்துவிட்டோமா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். முறுக்கு மாவு பிசைவது உன் வேலை. குக்கர் வைத்தால், "விசில் வரப்போகுது கண்ணு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் அது கத்தும். அதற்குள் நீ காதைப் பொத்தித் தயாராகிவிடுவாய். பவானி ஜமக்காளத்தை விரித்து, தலை மட்டும் வெளியே இருக்கும்படி உன்னை அதில் சுருட்டி, மசால் தோசை விளையாட்டு விளையாடினோம். நான் சர்வர். "ஒரு மசால் தோசை!" என்று ஆர்டர் எடுத்து, உருட்டி, மேலிருந்து அழுத்துவேன். "இன்னும், இன்னும்!" என்பாய். நீ தெளிவாகப் பேசிய முதல் தமிழ்ச்சொல் 'இன்னும்'. எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட நாளில் பெரியம்மா சர்வர் ஆனாள். உன்னைத் தொடுவதற்கு முன் அவள் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, "வரலாமுங்களா அம்மணி?" என்று கேட்கப் பழகியிருந்தாள். ஊரையே அதட்டுகிற பெண்மணி, நாலு வயதுக் குழந்தைக்கு 'ங்க' போட்டு அனுமதி கேட்டதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

எல்லாம் உடனே சரியாகவில்லை. சரியாவது என்பதே தவறான சொல் என்று பயிற்சி தருகிற அந்தப் பெண் சொல்வாள், பழகுவதுதான். சில வாரங்கள் நன்றாகப் போகும், சட்டென்று ஒரு நாள் யூனிஃபார்ம் காலர் உறுத்துகிறது என்று பள்ளி வாசலிலேயே படுத்துக்கொள்வாய். ஆனால் உன்னால் நாங்கள் பட்ட பாட்டை மட்டும் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், ஆகவே வால்பாறைப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஏழு வயது. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பஸ்ஸில் ஒவ்வொருவராக ஜன்னலைத் தேடினார்கள். எனக்குப் பாதியிலேயே எலுமிச்சம்பழம் தேவைப்பட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நீ மட்டும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து "ஊய்ய்!" என்று குதூகலித்தாய். எத்தனை சுற்று சுற்றினாலும் உன் தலை சுற்றாது. வால்பாறையில் இறங்கி நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து உலகம் நிற்கக் காத்திருந்தபோது, நீ டிரைவரிடம் போய், "அண்ணா, மறுபடியும் கீழ போயிட்டு மேல வரலாமுங்களா?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்து, "உங்கப்பன் தாங்கமாட்டாருங்க அம்மணி" என்றார். சத்தம் போல ஒன்று உனக்கு அளவுக்கு மேல் போனால், சுழற்சி போல இன்னொன்று எவ்வளவு வந்தாலும் போதாமல் கிடக்கும். அந்தப் போதாமையில் எவ்வளவு சந்தோஷம் ஒளிந்திருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பதினைந்து வயதில் நீ ஒரு கேள்வி கேட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் போத்தனூர் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து கூட்ஸ் வண்டிகள் பார்ப்போமே, அங்கே வைத்து. நீளமான வண்டி ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. பெஞ்சில் உள்ளங்கையைப் பதித்து அதிர்வை வாங்கிக்கொண்டே, "நான் இப்படி இருக்கறதுக்கு அந்த இல்லம் காரணமாப்பா? இல்ல பொறந்தப்பவே இப்படியா?" என்றாய். எனக்குத் தெரியாது என்றேன். டாக்டருக்கும் தெரியாது என்றேன். எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதை அன்று முழுவதும் சொன்னேன். உன்னைப் பெற்ற தாய் காய்ச்சலில் இறந்துபோனார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் உன்னைத் தன் முதுகோடு சேர்த்துத் துணியால் இறுக்கக் கட்டிக்கொண்டு, வெகுதூரம் நடந்து வந்து இல்லத்தில் சேர்த்தார். கடைசிப் பெட்டி போனதும், "இறுக்கக் கட்டியா?" என்றாய். ஆமாம் என்றேன். "அப்ப என்னை யாரோ நல்லா இறுக்கிப் புடிச்சிருந்திருக்காங்க" என்றாய். அழவில்லை. போகும் வழியில் பரோட்டா வேண்டும் என்றாய், மொறுமொறுப்பாக. வாங்கித் தந்தேன். நான்தான் ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டு ஸ்கூட்டர் ஓட்டினேன். உனக்குத் தெரிந்திருக்கும், நீ எதையும் கவனிக்காமல் விட்டதில்லை.

இப்போது நீ மோட்டார் பம்ப் கம்பெனியில் சத்தமும் அதிர்வும் சோதிக்கிற பிரிவில் இருக்கிறாய். உன் காது வரமாக மாறிவிட்டது என்று ஊரில் பலர் பேசுகிறார்கள். உனக்கு அது பிடிக்காது. "வரமும் இல்ல, சாபமும் இல்ல. அது என்ற காது, அவ்வளவுதான்" என்பாய். அந்தக் கம்பெனியில்தான் கார்த்தியைப் பார்த்தாய். முதன்முதலில் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாசலில் நின்று "வணக்கமுங்க மாமா!" என்றான், தெருக்கோடியில் நாய் குரைத்தது. அவன் பேசினால் ஜன்னல் அதிர்கிறது, சிரித்தால் டம்ளர் அதிர்கிறது. அவன் போனபின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள், "கண்ணு, இந்தச் சத்தம் உனக்கு ஆகுமா?" நீ சொன்ன பதிலை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்: "அவன் எப்பவுமே சத்தம்மா. எப்பவாவது திடீர்னு சத்தம் போடறவங்கதான் எனக்கு ஆகாது."

கார்த்தியைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கவலை அவனுடைய அம்மாவைப் பற்றி. நிச்சயத்தன்று அவர் மொத்தமாகப் பேசியது சில வார்த்தைகள். முகத்தில் எதுவும் தெரியாது. உன்னைப் பிடித்திருக்கிறதா, உன் நிறம், உன் கதை, உன் பழக்கங்கள் எல்லாம் அவருக்குச் சம்மதமா, மகனுக்காகப் பொறுத்துக்கொள்கிறாரா என்று ஊகிக்கவே முடியவில்லை. உன் அம்மா அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. நாங்கள் இவ்வளவு வருடங்களில் கற்றுக்கொண்டதை அந்த வீடு எப்போது கற்றுக்கொள்ளும் என்று கேட்பாள்.

கல்யாணத்துக்கு மேளமே வேண்டாம் என்று முடிவு செய்தது பெரியம்மா. "மேளமில்லாத கல்யாணமா?" என்று கேட்ட அத்தனை பேரோடும் மண்டபத்து வாசலில் அவள் சண்டை போட்டாள். தொண்டை போனது அங்கேதான். ஆனால் நீயும் கார்த்தியும் அதற்கு முன்பே மேளக்காரர்கள் ஒத்திகை பார்க்கிற இடத்துக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர்களோடு பேசி வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. முகூர்த்தத்தில் நாதஸ்வரம் மெல்லத் தொடங்கியபோது பெரியம்மா என்னை முறைத்தாள். நான் அம்மாவை முறைத்தேன். கார்த்தி தாலியைக் கையில் எடுத்தான். மேளம் நின்றது. பெரியவர் யாராவது விரலை ஆட்டிக் கெட்டிமேளம் என்று குரல் கொடுக்க வேண்டிய நேரம். யாரும் கொடுக்கவில்லை. நீ நிமிர்ந்தாய். தவில்காரரைப் பார்த்தாய். மருதாணிக் கையை உயர்த்தி, ஒரு மூச்சு இழுத்து, கீழே இறக்கினாய். மண்டபம் அதிர்ந்தது. உன் தோள்கள் ஒருமுறை உயர்ந்தன, அப்புறம் தளர்ந்தன. நீ சிரித்தாய். தவில்காரரும் சிரித்துக்கொண்டே அடித்தார். என் பக்கத்திலிருந்த பெரியவர், "பொண்ணே மேளத்துக்குக் கை காட்டற கல்யாணத்த இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றார். பின்னால் நான் கேட்டதற்கு, "எப்ப வரும்னு தெரியாத சத்தம்தாம்பா என்னை அடிக்கும். நானே கூப்பிட்ட சத்தம் எதுக்கு அடிக்கப்போகுது?" என்றாய்.

அந்த இளம் தம்பதிக்கு நான் சொல்ல வேண்டியது இதற்கு மேல் அதிகம் இல்லை. உங்கள் பிள்ளை உங்களை வேண்டாம் என்று அழவில்லை. அதற்கு என்ன வேண்டும் என்று அதன் உடம்பு ஏற்கனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் போய் உட்காருங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். தெரிந்தவர்களிடம் உதவி கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். அப்புறம் நிறையச் சிரியுங்கள், வாய்ப்பு தானாகவே வரும். உனக்குச் சொல்ல வேண்டியது வேறு, கண்ணு. உனக்கு எது ஆகாதோ அதை மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லாதே. சாதாரணமாகச் சொல். அந்த வீட்டில் நீ விருந்தாளி இல்லை. இப்படியெல்லாம் இன்னும் ஒரு பக்கம் எழுதலாம் என்று இருந்தேன். நேற்று மத்தியானம் உன் மாமியார் போன் செய்தார்.

திரையில் பெயரைப் பார்த்ததும் உன் அம்மா கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். "ஏனுங்க சம்மந்தி, புள்ளைய எப்படீங்க வளத்தி வெச்சிருக்கீங்க?" என்றார். குரலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க ஆச்சு?" என்றேன். பிறகு அவர் பேசினார். நிச்சயத்திலும் கல்யாணத்திலும் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசினார்.

"வந்த மறுநாளே அடுப்படிக்கு வந்தாளுங்க. தனக்கு என்னென்ன ஆகாதுன்னு சொல்லப்போறாளாக்கும்னு நானும் கேக்கறதுக்கு நின்னேனுங்க. அவ என்னையக் கேக்கறா. 'அத்தைங்க, உங்குளுக்கு என்ன ஆகாதுங்க?'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கென்ன, எல்லாம் ஆகுமுங்க அம்மணின்னேன். 'எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு இருக்குமுங்க அத்தை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க'ன்னுட்டு காய் அரியறா. சாயங்காலமாத்தானுங்க எனக்கு வாய் வந்துச்சு. கொள்ளு வேகற வாசம் எனக்கு ஆகாதுங்க. சின்னதுலருந்தே ஆகாது. வயித்தப் பெரட்டும், தல வலிக்கும். இந்த ஊட்ல அப்பனுக்கும் மகனுக்கும் கொள்ளுப்பருப்பு இல்லாம வாரம் ஓடாது. கல்யாணமாகி வந்த நாள்லருந்து மூச்சப் புடிச்சுக்கிட்டே வேகவெக்கறேனுங்க. சொன்னாச் சிரிப்பாங்கன்னு சொல்லல. யாரும் கேக்கவுமில்ல." அவர் நிறுத்தினார். "எங்கம்மாகூடக் கேட்டதில்லீங்க" என்றார்.

உன் அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்னங்க பண்றீங்க?" என்று கேட்டாள். "இப்பவா? நானும் உங்க பொண்ணும் முன்வாசல்ல உக்காந்து மாங்கா தின்னுட்டு இருக்கறோமுங்க. அப்பனும் மகனும் பின்னால அடுப்பு மூட்டி அவிங்களே கொள்ளு வேகவெக்கறாங்க." அந்த நேரம் பார்த்துப் போனுக்குள் கார்த்தியின் குரல் இடியாக விழுந்தது: "அம்மா! அடி புடிச்சுப்போச்சு! தண்ணி ஊத்தறதா, எறக்கறதா?" நீ சிரிப்பது எங்களுக்குக் கேட்டது. உன் மாமியார் அவசரப்படவில்லை. மாங்காயைக் கடிக்கிற சத்தம் தெளிவாக வந்தது.

"கருகட்டும் உடுங்க" என்றார். "நான் எந்திரிக்கறதா இல்ல."

அன்புடன்,
அப்பா